ஆர்தருக்கு இரும்புச் சட்டை தைத்தவர்கள்

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் ஹோஃப்கிர்ஹே என்றொரு தேவாலயம் இருக்கிறது. உள்ளே இரண்டு பக்கமும் ஆளைவிட உயரமான 28 வெண்கலச் சிலைகள் அணிவகுத்து நிற்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைக் 'கறுப்பு ஆட்கள்' என்று செல்லமாகச் சொல்வார்கள். புனித ரோமானியப் பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியன் தன் கல்லறைக்குத் துணையாக நிறுத்தத் திட்டமிட்ட மூதாதையர் கூட்டம் அது. நடுவிலுள்ள பிரம்மாண்டமான கல்லறை காலி. 1519இல் இறந்தவரை வீனர் நோய்ஷ்டாட் என்ற வேறு ஊரில் அடக்கம் செய்துவிட்டார்கள். இந்தத் தேவாலயத்தைப் பேரன்தான் பிற்பாடு கட்டினார். ஆள் வராத கல்லறைக்கு இத்தனை பேர் காவல்.

அந்த வரிசையில் ஒருவர் ஆர்தர் அரசர். ஆம், பிரிட்டானியக் கதைகளில் வரும் வட்டமேசை ஆர்தரேதான். மாக்ஸிமிலியன் தன் வம்சாவளியை எங்கெங்கோ கொண்டுபோய் முடிச்சுப் போட்டவர். அந்த முடிச்சுகளில் ஒன்று ஆர்தர். சிலையை 1513இல் நியூரம்பர்க்கில் பீட்டர் ஃபிஷரின் பட்டறையில் வார்த்தார்கள். முகத்தை மூடும் தகட்டைத் தூக்கிவிட்டு, ஒரு காலில் எடையைச் சாய்த்து, யாருக்கோ காத்திருப்பவரைப் போல அலட்சியமாக நிற்கிறார். அந்தக் கூட்டத்திலேயே உயிருள்ள மனிதர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

கவசத்தைப் பார்த்தால்தான் வேடிக்கை. ஆர்தர் என்று ஒருவர் வாழ்ந்திருந்தால் அது கி.பி. 500ஐ ஒட்டிய காலமாக இருக்க வேண்டும். இந்த ஆர்தரோ தலை முதல் கால்விரல் வரை 1510களின் ஜெர்மன் தகட்டுக் கவசத்தில் நிற்கிறார். ஆயிரம் ஆண்டு பிசகு. இதே ஆர்தரை இத்தாலியின் மொடெனா தேவாலயத்தின் வடக்கு வாசல் வளைவில் 12ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே அவருடைய குதிரைவீரர்கள் கூம்பு வடிவத் தலைக்கவசமும் சங்கிலிக் கவசமும் அணிந்திருக்கிறார்கள், ஏனென்றால் செதுக்கியவர்களின் தெருவில் போன வீரர்கள் அதைத்தான் அணிந்திருந்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் ஆர்தரின் கதையை லத்தீனில் எழுதிப் பரப்பிய மான்மத்தின் ஜெஃப்ரியும் அவருக்குச் சங்கிலிக் கவசமும் டிராகன் பொறித்த பொன் தலைக்கவசமும் தருகிறார். நம் ஊர்க் காலண்டர்களில் சீதை ரவிக்கை போட்டுப் புடவை கட்டியிருப்பதைப் போன்ற சமாசாரம்.

இந்தப் பிசகைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். நான் அதை வரமாகவே எடுத்துக்கொள்கிறேன். பழைய ஓவியரும் சிற்பியும் யாரைக் காட்டுகிறோம் என்பதில் கூசாமல் பொய் சொன்னார்கள். என்ன உடுத்தியிருக்கிறார் என்பதில் பொய் சொல்ல அவர்களுக்குத் தோன்றவே இல்லை. பழங்காலத்துக்கென்று தனி உடை வேண்டும் என்ற யோசனை இல்லாததால், கண்ணுக்கு முன்னால் இருந்த ஆணியையும் வாரையும் அப்படியே செதுக்கி வைத்தார்கள். ஆர்தரைப் பற்றி இன்ஸ்ப்ரூக் சிலையிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. 1513இல் முழங்கை மூட்டு எப்படி மடங்கியது என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

புனித ஜார்ஜ் விஷயத்திலும் இதே கதை. ரோமானியப் பேரரசின் காலத்தில் மதத்துக்காக உயிர் விட்டதாகச் சொல்லப்படும் சிப்பாய் அவர். டிராகன் அவரிடம் வந்து சேர்ந்தது பல நூற்றாண்டுகள் கழித்து. 13ஆம் நூற்றாண்டில் புனிதர்களின் கதைகளைத் திரட்டிய தொகுப்பு ஒன்று ஐரோப்பா முழுக்கப் பரவியபோது, இளவரசி தன் இடைக்கச்சையை டிராகனின் கழுத்தில் கட்டி நாய்க்குட்டியைப் போல இழுத்து வரும் காட்சியும் கூடவே பரவியது. 1470ஐ ஒட்டி பவுலோ உச்செல்லோ வரைந்த படத்தில் கச்சையைப் பிடித்தபடி அந்தப் பெண் நிற்கும் தோரணையைப் பார்த்தால், வளர்ப்புப் பிராணியை இவர் ஏன் குத்துகிறார் என்று அவளே குழம்புவது போல இருக்கும். ஜார்ஜோ உச்செல்லோவின் காலத்து இத்தாலிய இரும்பில் இருக்கிறார். சென்னையில் அவர் பெயரில் ஒரு கோட்டை இருப்பதும் இந்தப் புகழின் நீட்சிதான். 1644 ஏப்ரல் 23, அவருடைய திருநாளை ஒட்டி அந்தப் பெயர் வைத்தார்கள்.

ஃப்ளாரன்ஸில் ஜார்ஜுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அங்கே கவசம் செய்பவர்களும் வாள் செய்பவர்களும் சேர்ந்து வைத்திருந்த தொழிற்சங்கத்துக்குக் காவல் புனிதர் அவர். ஓர்சான்மிகேலே கட்டடத்தின் வெளிமாடங்களில் ஒவ்வொரு சங்கமும் தன் புனிதரை நிறுத்த, இவர்கள் 1410களில் தொனாத்தெல்லோவை அழைத்து ஜார்ஜைச் செதுக்கச் சொன்னார்கள். பளிங்குச் சிலையின் தலையிலும் வலக்கையிலும் துளைகள் இருக்கின்றன. நிஜ உலோகத்தில் செய்த தலைக்கவசமும் ஆயுதமும் அங்கே பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது அறிஞர்களின் கணிப்பு. மறுமலர்ச்சிக் கலையின் பெருஞ்சாதனை என்று அதைப் புகழ்பவர்கள் புகழட்டும். சங்கத்துக் கொல்லர்களுக்கு அது கடைவாசலில் வைத்த விளம்பரமாகவும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கவசத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஏன் கல்லையும் வெண்கலத்தையும் பார்க்க வேண்டும், இரும்பையே பார்க்கலாமே என்று கேட்கலாம். இரும்பு கிடைத்தால்தானே! 15ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய முழுக்கவசம் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. துருப்பிடித்தது பாதி. மீதியைப் பழைய பாணி என்று உருக்கியோ வெட்டியோ வேறு எதற்காவது பயன்படுத்திவிட்டார்கள். இரும்பு விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் அதைச் சும்மா தொங்கவிட யாருக்கு மனம் வரும்? போரில் செத்தவர்களைப் புதைக்கும் முன் உரித்தெடுத்துவிடுவது வழக்கம். விதிவிலக்காகச் சுவீடனின் கோட்லாண்ட் தீவில் விஸ்பி நகருக்கு வெளியே 1361 ஜூலையில் டென்மார்க் மன்னரின் படை உள்ளூர் விவசாயிகளைக் கொன்று குவித்தபோது, கோடை வெக்கையில் பிணங்கள் அழுகத் தொடங்கியதால் பலரைக் கவசத்தோடே குழியில் தள்ளி மூடினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குழிகளைத் தோண்டியவர்களுக்குச் சங்கிலித் தொப்பிக்குள் மண்டையோடுகள் கிடைத்தன. ஆனால் அவை ஏழைகளின் கவசங்கள், அப்போதே பழசாகிப் போனவை. பிரபுக்கள் அணிந்ததைப் பார்க்கக் கல்லறைச் சிலைகளிடம்தான் போக வேண்டும்.

இங்கிலாந்தின் தேவாலயங்களில் இப்படிப்பட்ட கிடைச்சிலைகள் நிறைய உண்டு. கல்லிலும் மரத்திலும் வெண்கலத்திலும் நைட்கள், அதாவது கவசம் பூண்ட குதிரைவீரர்கள், மல்லாந்து படுத்திருக்கிறார்கள். 13, 14ஆம் நூற்றாண்டுச் சிலைகள் பலவற்றில் கால்மேல் கால் போட்டிருப்பார்கள். அப்படிப் படுத்திருந்தால் சிலுவைப்போருக்குப் போனவர் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். சுத்தமான கட்டுக்கதை. ஊரைவிட்டே நகராதவர்களும் கால்மேல் கால் போட்டுப் படுத்திருக்கிறார்கள். புனித பூமிவரை போய்வந்தவர்கள் காலை நீட்டியும் படுத்திருக்கிறார்கள். அது சிற்பிகளிடையே பரவிய ஒரு மோஸ்தர். மல்லாந்து கிடக்கும் உடம்புக்குக் கொஞ்சம் துடிப்புக் கொடுக்கும் உத்தி, அவ்வளவுதான்.

அந்தச் சிலைகளுள் எனக்கு மிகவும் பிடித்தது வாரிக் நகரின் செயின்ட் மேரி தேவாலயத்தில் இருக்கிறது. வாரிக் பிரபு ரிச்சர்ட் போஷாம்ப் 1439இல் பிரான்ஸின் ருவான் நகரில் இறந்தார். அவருக்கென்று கட்டிய தனி வழிபாட்டு மாடத்தில், பொன்முலாம் பூசிய உலோகச் சிலையை 1450களில் வைத்தார்கள். வில்லியம் ஆஸ்டன் என்ற வார்ப்புக் கலைஞர் செய்தது. கூப்பத் தொடங்கிப் பாதியில் நின்ற கைகளில் நரம்பு புடைத்திருக்கிறது. உடம்பில் மிலான் பாணிக் கவசம். அவர் இறந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் புழக்கத்தில் இருந்த வகை. செத்தவருக்கும் புது மோஸ்தரில்தான் உடுத்தியிருக்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் ஸ்டோதார்ட் என்ற ஓவியர் இங்கிலாந்தின் கல்லறைச் சிலைகளை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டே போனார். வாரிக்கில் சிலை பீடத்தோடு இறுக்கப்படாமல் தனியாகக் கிடப்பதைக் கவனித்து, அதைப் புரட்டிப் பார்த்தார். முதுகுப் பக்கமும் முழுதாக வேலை செய்யப்பட்டிருந்தது! தோள்தகடு முதுகில் எப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது, காலின் பின்புறத்தில் எந்த இடத்தில் கீல் வருகிறது, வார் எந்தப் பக்கிளில் நுழைகிறது என்று எல்லாமே இருந்தது. கல்லறை மூடியில் படுக்கப்போகும் சிலை அது. முதுகை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் செய்திருக்கிறார்கள். நிஜமான கவசம் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு செய்யாமல் இது சாத்தியமில்லை. இன்றைக்குக் கவசம் செய்யும் கொல்லர்கள் அந்தச் சிலையைப் பார்த்து அதேபோல இரும்பில் அடித்து, அணிந்து நடந்தும் காட்டியிருக்கிறார்கள். ஸ்டோதார்ட் அதிக நாள் வாழவில்லை. 1821இல் டெவன் பகுதியில் ஒரு தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் பிரதி எடுக்க ஏறியபோது ஏணியிலிருந்து விழுந்து இறந்தார்.

வாரிக் சிலையைக் கூர்ந்து பார்த்தால் இடதுபக்கமும் வலதுபக்கமும் ஒன்றுபோல இல்லை என்பது தெரியும். இடது முழங்கைத் தகடு பெரியது; வலது தோள்தகடு ஈட்டியை அக்குளில் இடுக்க இடம்விட்டு வெட்டப்பட்டிருக்கும். குதிரையில் வரும் எதிரியின் ஈட்டி இடப்பக்கத்தில்தான் பாயும் என்பதால் அந்தப் பக்கத்துக்கு இரும்பு அதிகம். இத்தாலியர்களின் கணக்கு இது. கிளாஸ்கோவின் கெல்விங்க்ரோவ் அருங்காட்சியகத்தில் இதற்கு இரும்பிலேயே சாட்சி இருக்கிறது. 1440ஐ ஒட்டி மிலானில் கோரியோ குடும்பத்தின் பட்டறையில் உருவானது. ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் சுர்பர்க் கோட்டையில் பல தலைமுறைகள் கிடந்து, கைமாறி, ஸ்காட்லாந்து வந்து சேர்ந்தது. மார்புத் தகட்டில் 'அவான்' என்று பொறித்திருக்கிறார்கள். 'முன்னேறு' என்று பொருள்.

இனி, இந்த இரும்பை உடம்பில் ஏற்றுவது எப்படி? நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துப் பிரதி ஒன்று இருக்கிறது. குதிரையில்லாமல் தரையில் நின்று இருவர் மோதும் சண்டைக்கு ஒருவன் வசதியாகக் கவசம் பூணுவது எப்படி என்று அதில் ஒரு சிறு பகுதி. நைட்களைப் பற்றி எழுதப்பட்ட காவியங்கள் எல்லாவற்றையும்விட எனக்கு இந்தச் சில பத்திகளே ருசிக்கின்றன. உள்ளே சட்டை போடக் கூடாது என்று ஆரம்பிக்கிறது. சாட்டின் உள்துணி வைத்த முரட்டுப் பருத்திச் சட்டை ஒன்று, உடல் முழுக்கத் துளை போட்டது. முழங்கை மடிப்பிலும் அக்குளிலும் சங்கிலித் துண்டுகள் தைத்திருக்க வேண்டும். தகடுகளைக் கட்டும் கயிறு, குறுக்குவில்லுக்கு நாண் முறுக்கும் மெல்லிய நூலால் ஆனதாக இருக்க வேண்டும். அதற்குச் செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மெழுகைத் தேய்க்க வேண்டும், அப்போதுதான் நீளாது, அறாது. முழங்காலைச் சுற்றி மெல்லிய கம்பளித் துண்டு, இரும்பு உராய்ந்து தோல் வழன்றுபோகாமல் இருக்க.

பிறகு கீழிருந்து மேலே. முதலில் பாதத் தகடு, அடுத்து முழங்காலுக்குக் கீழே, அடுத்து தொடை, இடுப்பில் சங்கிலி, மார்பு, கைகள், கையுறை. வலது இடுப்பில் குத்துவாள், இடது இடுப்பில் ஒரு வளையத்தில் உறையில்லாமல் குறுவாள். தலைக்கவசம் கடைசியில். போட்டுக்கொண்டால் மூச்சு முட்டும், வியர்த்துக் கொட்டும். எனவே கடைசி நிமிடம்வரை யாரும் அதை மாட்ட விரும்பியிருக்க மாட்டார்கள்.

சண்டைக்குப் போகிறவன் கூட எடுத்துப்போக வேண்டிய சாமான் பட்டியலும் அதில் உண்டு. கூடாரம், நாற்காலி, கைகழுவ வட்டில், ஐந்து ரொட்டி, ஒரு கேலன் ஒயின், இறைச்சியோ மீனோ ஒருவேளைச் சாப்பாடு, மேசை, மேசைவிரிப்பு, அறுக்கக் கத்தி, குடிக்கக் குவளை. அதற்குப் பிறகுதான் சுத்தியல், குறடு, சிறு பட்டடை, ஒரு டஜன் ஆணி. வாளும் ஈட்டியும் அதற்கும் பிறகு. சாகத் துணிந்து போகிறவனுக்கு மேசைவிரிப்பு எதற்கு என்று தோன்றும். இதை எழுதியவர் கவிஞராக இருந்திருக்க முடியாது. பல பேருக்குக் கவசம் கட்டிவிட்டு, கயிறு அறுந்து திட்டு வாங்கிய அனுபவசாலியாகத்தான் இருந்திருப்பார்.

எடையைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைக் கடக்க முடியாது. போருக்கான முழுக்கவசம் சுமார் 20 முதல் 25 கிலோ. அதுவும் தோளிலிருந்து மொத்தமாகத் தொங்குவதில்லை. காலின் இரும்பு காலில், கையின் இரும்பு கையில், உடம்பு முழுக்கப் பிரிந்து உட்கார்ந்துகொள்ளும். நைட்களைப் பளு தூக்கும் கருவி வைத்துக் குதிரைமேல் இறக்கினார்கள் என்பது பிற்காலத்துக் கற்பனை. 1944இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படமொன்று அதைக் காட்சியாகவே காட்டிவிட்டதால் இன்றுவரை அழியவில்லை. பிரான்ஸின் தளபதி பூசிக்கோ என்கிற ழான் லெ மேங்கரின் வாழ்க்கை வரலாறு அவர் காலத்திலேயே எழுதப்பட்டது. அவர் கவசத்தோடு கரணம் அடிப்பாராம், சாய்த்து வைத்த ஏணியின் அடிப்பக்கமாகக் கையாலேயே தொங்கி ஏறுவாராம், ஏறுபடியைத் தொடாமல் குதிரைமேல் தாவுவாராம். புகழ்ச்சியில் பாதியைக் கழித்துவிட்டாலும் மிச்சமே போதும்.

அதற்காக இரும்புச் சட்டை இறகு மாதிரி இருந்தது என்று மறுகோடிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், கவசம் அணிந்து பழகியவர்களை நடைப்பயிற்சி இயந்திரத்தில் ஏற்றி மூச்சை அளந்தார்கள். 15ஆம் நூற்றாண்டுக் கவசங்களின் பிரதிகளை அணிந்திருந்தார்கள். நடக்கவும் ஓடவும் செலவான சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அதே எடையை முதுகில் மூட்டையாகச் சுமந்தால்கூட இவ்வளவு ஆகாது. காரணம் காலில் கட்டிய இரும்பு: ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி வீச வேண்டியிருக்கிறது. மார்புத் தகடு இறுக்குவதால் ஆழ்ந்து மூச்சிழுக்க முடியாமல், சின்னச் சின்னதாக அடிக்கடி மூச்சு விட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, பிரான்ஸில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிய அஜின்கோர்ட் போர்க்களத்துக்குப் போக வேண்டும். 1415 அக்டோபர் 25. இரவெல்லாம் மழை. இரண்டு காடுகளுக்கு நடுவே புதிதாக உழுத வயல். பிரெஞ்சு நைட்களில் பெரும்பாலோர் குதிரையை விட்டிறங்கி, முகத்தகட்டை மூடிக்கொண்டு, அம்பு மழைக்குத் தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சேற்றில் நடந்தார்கள். ஆங்கிலேயர் நின்ற இடத்தை அடைந்தபோதே பலருக்கு நெஞ்சு வெடிக்கும் நிலை. முன்னால் விழுந்தவர்மேல் பின்னால் வந்தவர் தடுக்கி விழ, வெட்டுக்காயம் இல்லாமலேயே மூச்சுத் திணறிச் செத்தவர்கள் பலர் என்று அந்தக் காலத்தவர் எழுதியிருக்கிறார்கள். கரணம் அடிக்கும் பூசிக்கோவும் அன்று அங்கே இருந்தார். பிடிபட்டு, இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, 1421இல் கைதியாகவே இறந்தார்.

அன்றைய சாவுகளில் பிரபான்ட் பிரபு ஆந்துவானின் சாவு வேறு வகை. போருக்குத் தாமதமாக ஓடி வந்தவர். தன் சின்னம் பொறித்த மேலங்கியோ கவசமோ கூட வந்து சேரவில்லை. அவசரத்துக்கு எக்காளம் ஊதுபவனின் கொடியை வாங்கி, நடுவில் ஓட்டை போட்டுத் தலையை நுழைத்துக்கொண்டு களத்தில் பாய்ந்தார். பிடிபட்டார். இங்கிலாந்தின் ஹென்றி மன்னர் கைதிகளைக் கொல்ல உத்தரவிட்டபோது, இவர் பெரும் பிணைத்தொகை தரக்கூடிய பிரபு என்று யாருக்கும் தெரியவில்லை. கழுத்தை அறுத்துவிட்டார்கள். கவசம் காப்பது உடம்பை மட்டும் என்றால் இந்தக் கதை நடந்திருக்காது. ஒரு நைட் உடுத்தியிருப்பது அவருடைய முகவரி, வங்கிக் கணக்கு, உயிர்ப் பிச்சைக்கான விண்ணப்பம் எல்லாமும்.

ஓவியத்துக்குத் திரும்புகிறேன். உச்செல்லோ, டிராகனுக்குச் சுமார் முப்பது ஆண்டுகள் முன்னால், 1432இல் ஃப்ளாரன்ஸ் சியனாவோடு மோதிய சான் ரொமானோ சண்டையை மூன்று பெரிய பலகைகளில் வரைந்தார். இப்போது அவை லண்டன், பாரிஸ், ஃப்ளாரன்ஸ் என்று பிரிந்து கிடக்கின்றன. லண்டன் பலகையில் படைத்தலைவர் நிக்கோலோ தா தொலெந்தினோ வெள்ளைக் குதிரைமேல் வருகிறார். சுற்றிலும் எல்லோரும் இரும்புக்குள் இருக்க, இவர் தலையில் மட்டும் சிவப்பும் பொன்னுமாக ஒரு மாபெரும் துணித் தொப்பி. சண்டையில் அதைப் போட்டுக்கொண்டு போனால் உயிர் மிஞ்சாது. படத்தில் பணம் கொடுத்தவருக்குத் தலைவர் யார் என்று தெரிய வேண்டுமே. தரையில் உடைந்த ஈட்டிகள் கோடு கோடாக விழுந்து, படத்தின் ஆழத்தைக் காட்டக் கட்டம் போட்டுக் கொடுக்கின்றன. உச்செல்லோவுக்குச் செத்தவர்களைவிட அந்தக் கட்டங்களில்தான் அக்கறை. இடது மூலையில் குப்புற விழுந்த ஒரு குட்டி நைட்டைப் பார்த்தால் புரியும்.

கவசங்களுக்கு உச்செல்லோ வண்ணம் பூசவில்லை, வெள்ளித் தகடு ஒட்டினார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தக் குதிரைவீரர்கள் மின்னி அசைந்திருப்பார்கள். ஆறு நூற்றாண்டில் வெள்ளி கறுத்துவிட்டது. இன்று நாம் பார்ப்பது மங்கிய சாம்பல் நிற மனிதர்களை. 'மின்னும் கவசத்து மாவீரன்' என்று கதைப் புத்தகங்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்க, அந்த மினுக்கத்தை நேரில் கண்டு வரைந்தவரின் படத்தில் அது அணைந்துபோயிருக்கிறது. மினுக்கமும் எல்லாருக்கும் வாய்த்ததில்லை. கறுப்புச் சாயம் பூசிய கவசம், துணி போர்த்திய கவசம் எல்லாம் சகஜம். பளபளப்பைக் காப்பாற்ற ஏவலாள் ஒருவன் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நியூரம்பர்க்காரர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1498இல் குதிரைமேல் அமர்ந்த கவச வீரன் ஒருவனை வண்ணத்தில் வரைந்தார். வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலே தன் கையாலேயே ஒரு குறிப்பு: அந்தச் சமயத்தில் ஜெர்மனியில் கவசம் இப்படித்தான் இருந்தது. எனக்குத் தெரிந்து கவசத்துக்கு ஓவியரே தேதி போட்டுக் கொடுத்த அபூர்வமான இடம் இது. பின்னால் 1513இல், இன்ஸ்ப்ரூக்கின் ஆர்தரை அவருடைய ஊரில் வார்த்த அதே ஆண்டில், அந்த வீரனைத் திரும்ப எடுத்து, பக்கத்தில் மணல் கடிகாரம் ஏந்திய சாவையும் பின்னால் பன்றிமூஞ்சிப் பிசாசையும் சேர்த்துச் செம்புத் தகட்டில் செதுக்கினார். உலகமே அறிந்த படம். அதில் வருபவர் நல்ல கிறிஸ்தவரா, கொள்ளைக்கார நைட்டா என்று தத்துவம் பேசித் தீர்த்திருக்கிறார்கள். அவர் அணிந்திருப்பது பதினைந்து வருடப் பழைய மாடல் என்பதுதான் என் கண்ணில் முதலில் படுகிறது.

இந்த 1510கள் வரும்போது, கவசம் கலையின் உச்சிக்கும் போரின் ஓரத்துக்கும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. நீண்ட ஈட்டி பிடித்த காலாட்படையும் துப்பாக்கியும் குதிரைவீரரின் மவுசைக் குறைத்துவிட்டன. கொல்லர்களின் சாமர்த்தியம் விளையாட்டுப் போட்டிகளின் பக்கம் திரும்பியது. ஈட்டிப் போட்டிக்கென்று செய்த தனிக் கவசங்கள் 40 கிலோவைத் தாண்டும். அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்த்தவர்கள்தான் பளு தூக்கும் கருவிக் கதையை நம்பியிருப்பார்கள். 1520இல் பிரெஞ்சு மன்னரோடு நடக்கவிருந்த விழாப் போட்டிக்காக இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்கு உடம்பில் ஓர் இடுக்குகூடத் தெரியாத கவசத்தை கிரீனிச் பட்டறையில் செய்துகொண்டிருந்தார்கள். சில மாதங்கள் இருக்கும்போது பிரெஞ்சுக்காரர்கள் போட்டி விதியை மாற்றிவிட்டார்கள். முடிக்காத கவசத்தை ஓரமாக வைத்துவிட்டு, கைக்குக் கிடைத்த பழைய உறுப்புகளைச் சேர்த்து, பாவாடை போல விரியும் தகடு ஒன்றை வைத்து அவசரமாக வேறொன்றை ஒப்பேற்றினார்கள். இரண்டுமே பிழைத்திருக்கின்றன. விளையாட்டும் ஆபத்தில்லாததல்ல: 1559இல் பிரான்ஸின் இரண்டாம் ஹென்றி பாரிஸில் நடந்த ஈட்டிப் போட்டியில், உடைந்த ஈட்டியின் சிராய் முகத்தகட்டைத் தாண்டிப் பாய்ந்து, பத்து நாள் துடித்து இறந்தார்.

அதற்குப் பிறகு நீண்ட மறதி. 19ஆம் நூற்றாண்டு வந்தபோது இங்கிலாந்துப் பிரபுக்களுக்கு நைட்கள்மீது திடீர்க் காதல். 1839 ஆகஸ்ட் கடைசியில் ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரில் எக்லின்டன் பிரபு, பழைய பாணியில் ஈட்டிப் போட்டி ஒன்று நடத்தினார். பணம் தண்ணீராகச் செலவழிந்தது. பார்க்க வந்த கூட்டம் ஒரு லட்சம் என்று சொல்வார்கள். அழகு ராணி, ஊர்வலம், கொடிகள் எல்லாம் தயாராக, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சீமாட்டிகளின் மேடை ஒழுகியது, களம் குளமானது. கவசத்தோடு குடை பிடித்த நைட்களைப் போட்டுக் கேலிச்சித்திரக்காரர்கள் கிழித்தெடுத்தார்கள்.

அந்த விழாவுக்குக் கவசங்கள் கொடுத்தவர் சாமுவேல் பிராட், லண்டன் பழம்பொருள் வியாபாரி. தேவை பெருகி, நிஜக் கவசம் போதாமல் போனபோது, அவர் கடையில் 13, 14ஆம் நூற்றாண்டுத் தலைக்கவசங்கள் புதிதாகப் பிறக்கத் தொடங்கின. வாரிக்கின் வார்ப்புக்காரர் செத்த பிரபுவுக்குத் தன் காலத்துக் கவசத்தை வெகுளியாகப் போட்டுவிட்டார். பிராட்டின் ஆட்களோ தங்கள் காலத்து இரும்பைப் பழையது என்று சொல்லி விற்றார்கள். பழமைக்கென்று தனி உடை உண்டு என்று மனிதர்கள் உணர்ந்த கையோடு, அதைப் போலியாகத் தைக்கவும் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு நம் மனக்கண்ணில் நிற்கும் நைட்டில் பாதி இந்தக் காலத்து உபயம்.

போலியைப் பிடிக்கும் வழிகளில் ஒன்று மிக எளிமையானது. கையால் அடித்த பழைய தகடு எங்கும் ஒரே கனமாக இருக்காது. அடி விழும் நெற்றியிலும் நெஞ்சிலும் கொல்லர் இரும்பைத் தடிமனாக விட்டிருப்பார், ஓரங்களிலும் முதுகிலும் மெலிதாக இழைத்திருப்பார். எடை குறைய வேண்டும், உயிரும் போகக் கூடாது. உருளை இயந்திரத்தில் உருட்டிய 19ஆம் நூற்றாண்டுத் தகட்டில் அந்த வித்தியாசம் இருக்காது, எங்கு அளந்தாலும் ஒரே கணக்கு. பிராட் கைவண்ணத்தில் சில தலைக்கவசங்களை அருங்காட்சியகங்கள் தூக்கியெறியாமல், போலி என்று எழுதி இன்னும் வைத்திருக்கின்றன.